சுண்ணாம்பு தடவாத கலயம்

ஆரல்வாய்மொழியில் பஸ்ஸை நிறுத்தி என் தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார்கள். சென்னை ராஜ்யம் முடிந்து திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம் தொடங்குகிற இடம் அது. அடித்த காற்றில் என் தொப்பி இரண்டு முறை ஓடியது. பெட்டிக்குள் கையை விட்ட போலீஸ்காரர் ஒரு பழுப்புப் புட்டியை எடுத்தார், மூடியைத் திறந்தார், மோந்தார், முகத்தைச் சுளித்தார். மலையாளத்தில் ஏதோ கேட்டார். "இது என்ன சாராயம்னு கேக்காரு" என்று பக்கத்து ஸீட்டுக்காரர் எடுத்துச் சொன்னார்.

"டிங்சர்! காயத்துக்குப் போடுறது! நான் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர்!" என்று கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மலேயாவில் காட்டுக்குள் இருக்கும் கொரில்லாக்களைப் பிடிக்க எமர்ஜென்சி நடக்கிறது, எங்கள் எஸ்டேட்டைச் சுற்றி முள்வேலி, சோதனை எனக்குப் புதிதல்ல. அதற்காக மருந்தைப் போய்ச் சாராயம் என்றால் பொறுக்க முடியுமா?

எதற்கு வந்தாய் என்று அடுத்த கேள்வி. "குடிக்கிறவங்களை நிறுத்த வைக்கிற வேலையைப் படிக்க வந்திருக்கேன்" என்றேன். பஸ் முழுக்கச் சிரித்தது.

"குடிக்கப் போற ஆளைக் கண்டிருக்கேன். நிறுத்தப் படிக்கப் போற ஆளை இப்பத்தான் காணுதேன்" என்றார் பக்கத்து ஸீட்டுக்காரர். நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது?

நான் பேராக்கில் ஒரு ரப்பர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக டிரெஸ்ஸர். சம்பள நாளில் கள்ளுக்கடை மூடியதும் எனக்கு வேலை ஆரம்பமாகும். உடைந்த மண்டை, கிழிந்த உதடு, புருஷன் அடித்து வீங்கிய கன்னம். தைத்து அனுப்புவேன். அடுத்த மாதம் அதே மண்டை வேறு இடத்தில் உடைந்து வரும். தைத்தது போதும், குடிக்கிறவனோடு உட்கார்ந்து பேசி மாற்றத் தெரிந்த ஆள் ஒருவன் வேண்டும் என்று தொழிலாளர் சங்கத்தில் பேச்சு வந்தது. "முத்துசாமியை அனுப்புவோம். அவன் சத்தத்துக்கே பாதிப் பேர் நிறுத்திடுவான்" என்று சொல்லி எல்லோரும் கை தூக்கினார்கள். இரண்டு மாதப் படிப்பு. படித்து வந்து நான் மற்ற எஸ்டேட் ஆட்களுக்கும் பழக்க வேண்டும். நாமில்லாமல் யார் என்ற நினைப்போடுதான் கப்பலேறினேன்.

ஆஸ்பத்திரி கருங்கல் என்ற ஊரில் இருந்து இரண்டு மைல். ஓட்டுக் கட்டடம், சுற்றிலும் பலாமரம், குடிகாரர்களுக்கென்று தனியாக எட்டுக் கட்டில். வாத்தியார் ஒரு பெரிய மனுஷராக இருப்பார் என்று கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு போய் நின்றேன். வெள்ளை உடுப்பில் ஒரு பெண் வந்தார். வயது இருபத்தேழு இருக்கும். என் தங்கை மகள் வயது. சிஸ்டர் எஸ்தர் என்று பெயர்.

"நீங்களா எனக்குச் சொல்லிக்கொடுக்கப் போறது?"

"ஆமா சார். பிடிக்கலியா? கப்பல் எப்ப திரும்புது?"

கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டேன்.

அன்று மதியம் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் சாளைமீன் கறியும் வைத்தார்கள்.  ஜப்பான்காரன் காலத்தில் மூன்றரை வருஷம் கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்தவர்கள் நாங்கள். செத்தாலும் இனி அதைத் தொடமாட்டேன் என்று சபதம் செய்திருந்தேன். இங்கே அதை விருந்து மாதிரி ஆவி பறக்கக் கொட்டி, "இன்னும் கொஞ்சம் திண்ணுங்க" என்கிறார்கள். குடம்புளி போட்ட அந்தக் கறியின் வாசனை இழுத்தது. ஒரு துண்டு தொட்டுப் பார்த்தேன். மூன்று தட்டு தின்றேன். சபதம் போன இடம் தெரியவில்லை.

படிப்பு என்றால் புத்தகமும் கரும்பலகையும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. சிஸ்டர் போகிற இடமெல்லாம் கூடப் போக வேண்டும், அவ்வளவுதான். முதல் நாளே ஒரு கட்டில்காரரிடம், "தினம் எத்தனை போத்தல் குடிப்பே?" என்று என் எஸ்டேட் குரலில் கேட்டுவிட்டேன். சிஸ்டர் என்னை வெளியே கூட்டிப் போனார்.

"எவ்வளவு குடிச்சேருன்னு கேக்காதிய சார். கேட்டா பாதி பொய் வரும். சோறு உண்டேரான்னு கேளுங்க. அதுல ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்ல. பிறகு, நிண்ணுட்டுக் கேக்காதிய. அவரு கட்டில்ல இருந்தா நீங்க முக்காலியில இருங்க."

இதெல்லாம் ஒரு படிப்பா என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் எனக்கென்று ஒரு ஆளைக் காட்டினார். பெயர் பொன்னையன். வயது முப்பத்தைந்துக்குள். பனையேறி. ஆஸ்பத்திரியில் இருந்து மூன்று மைலில் வீடு. மனைவி செல்லம்மை, ஆறு வயது மகள் தங்கம். அவன் தினமும் குடிக்கிறான், போன மாதம் பாதிப் பனையில் இருந்து வழுக்கி நெஞ்சுத் தோலை உரித்துக்கொண்டான், அடுத்த முறை உச்சியில் இருந்து விழுவான் என்று செல்லம்மைதான் அழுதுகொண்டே வந்து சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு வாரம் படு என்றால் கேட்கமாட்டான். பருவக் காலம். பாளையை இரண்டு நேரமும் சீவாவிட்டால் காய்ந்துவிடும்.

"இவரு விழாம நிண்ணாப் போதும் சார். அதுதான் உங்களுக்குப் பரீட்சை" என்றார் சிஸ்டர்.

எங்கள் ஊர் மரம் நல்ல மரம். தரையில் நின்று பட்டையைக் கீறினால் பால் வடியும். பனை அப்படியில்லை. பொன்னையன் இரண்டு பாதத்தையும் சேர்த்து நார் வளையம் ஒன்றை மாட்டிக்கொண்டான். திளாப்பு என்றார்கள். இடுப்பில் அரிவாள் பெட்டி. மார்பை மரத்தோடு அணைத்து ஏறினான். நாற்பது பனை, காலையிலும் மாலையிலும். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உள்ளங்கால் கூசியது. இறங்கி வந்து, பனையோலைப் பட்டையில் அக்கானி ஊற்றித் தந்தான். பதநீரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி வைப்பதால் புளிக்காமல் இனிப்பாக இருக்குமாம். அப்படி ஒரு தித்திப்பை நான் குடித்ததே இல்லை.

நல்ல மனிதன். மெதுவாகப் பேசுவான். மகளைக் கண்டால் முகம் மலரும். இவனை மாற்றுவது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் சிஸ்டர் மருந்து வாங்கத் திருவனந்தபுரம் போனார். "நான் வர மூணு நாளாவும். போய் இருங்க, பேசுங்க. ஒண்ணும் தீர்மானம் பண்ணாதிய" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

என் புத்தி கேட்குமா? ஆறாம் நாள் காலையில் பொன்னையன் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுத் தவசி வந்தார். அவரும் பனையேறி. "பேசி என்ன அண்ணாச்சி? இஞ்ச எல்லாம் பிள்ளை தலையில கை வச்சு சத்தியம் பண்ணணும். பண்ணினா தப்ப மாட்டான். தப்பினா பிள்ளைக்கு ஆவாதுல்லா" என்றார். எனக்குப் பளிச்சென்று பிடித்துவிட்டது. இதைவிடச் சுலபமான வழி உண்டா? செல்லம்மை விளக்கை ஏற்றினாள். அக்கம்பக்கத்தார் கூடினார்கள். தங்கத்தைக் கூப்பிட்டு நிறுத்தினேன். முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

பொன்னையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "வேண்டாம் அண்ணாச்சி" என்றான்.

"பிள்ளை மேல பாசம் இருந்தா வை" என்று அதட்டினேன்.

வைத்தான். "இனி தொடமாட்டேன்" என்றான். கூட்டம் சந்தோஷப்பட்டது. வீட்டுக்குள் இருந்த இரண்டு புட்டிகளை என் கையாலேயே உடைத்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையோடு மறுநாள் ஊர் பார்க்கக் கிளம்பினேன். திருவட்டாறு கோயிலில் சட்டையைக் கழற்று என்றார்கள். தொப்பையைக் காட்டிக்கொண்டு போக எனக்கு வெட்கம். வேறு வழியில்லை. உள்ளே பெருமாள் படுத்திருக்கிறார். முகம் ஒரு வாசலில், உடம்பு ஒரு வாசலில், பாதம் ஒரு வாசலில். பாதத்தருகே நின்று, ஊருக்குப் போனதும் சங்கத்தில் எப்படிப் பேசுவது என்று யோசித்தேன். திரும்பும்போது பஸ் கண்டக்டர் என்னிடம் மலையாளத்தில் எரிந்து விழுந்தார். குடையை மடக்கிவிட்டு ஏறு என்றாராம். அதற்கும் நான் கோபப்படவில்லை. அவ்வளவு நல்ல மனநிலை.

எட்டாம் நாள் சாயங்காலம் சிஸ்டர் திரும்பினார். நடந்ததை மார்தட்டிச் சொன்னேன். அவர் மருந்துப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"பிள்ளை தலையிலயா சத்தியம் வாங்கினிய?"

"ஆமா. இந்த ஊர் வழக்கந்தானே?"

"வழக்கந்தான். அதனாலதான் நான் வாங்கினது இல்ல. இனி அவரு குடிச்சா உங்ககிட்ட வந்து சொல்லுவாரா? சொன்னா பிள்ளையைக் கொன்னவன்னு ஊரு சொல்லும். ஒளிச்சு ஒளிச்சுக் குடிப்பாரு. இத்தனை வருஷம் குடிச்ச ஆளு ஒரேயடியா நிறுத்தினா மூணாம் நாள் கை நடுங்கும், இல்லாததெல்லாம் கண்ணுல தெரியும், சில பேருக்கு வலிப்பு வரும். அதுக்குத்தானே கட்டில் போட்டு மருந்து தாறோம்? அவரு அந்தக் கையை வச்சுட்டுப் பனை ஏறுவாரு சார்!"

 "வீட்டில இருந்ததை எல்லாம் உடைச்சுட்டேனே சிஸ்டர்" என்றேன் ஈனக்குரலில்.

"நாப்பது பனையிலயும் கலயம் தொங்குது. எத்தனை கலயத்துல சுண்ணாம்பு தடவியிருக்குன்னு ஏறிப் பாத்தியளா?"

சுண்ணாம்பு இல்லாவிட்டால் அக்கானி வெயிலில் புளித்துக் கள்ளாகிவிடும். பனையேறிக்குக் கடை தேவையில்லை. கடை மரத்து உச்சியிலேயே இருக்கிறது. இது அந்த ஊர்ப் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் ஒரு கட்டில்காரருக்கு வலிப்பு. சிஸ்டரால் நகர முடியவில்லை. "நீங்க முன்ன போங்க. அவரைப் பனையில ஏற விடாதிய. நான் பின்னால வண்டி கொண்டு வாறேன்" என்றார். பஸ்ஸில் ஏறினேன். ஒரு மைல் போனதும் டயர் வெடித்தது. டிரைவர் இறங்கி, டயரைப் பார்த்து, ஒரு பீடியைப் பற்றவைத்தார். எனக்கு உச்சந்தலை கொதித்தது. குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். நாற்பத்தாறு வயசு, தொப்பை, தோல் செருப்பு. செருப்பையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

பாதி வழியில் செல்லம்மை எதிரே ஓடி வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"அண்ணாச்சி! ராத்திரியே பிள்ளைக்குக் காய்ச்சல். காலையில உடம்பு தீயாட்டு கொதிச்சு. அவரு பனையில நிண்ணாரு, நான் கீழ நிண்ணு சொன்னேன். சொன்னதுந்தான் 'நான் இப்பத்தான் குடிச்சேன், நான் கொன்னுட்டேன்'னு ஒரு சத்தம் போட்டாரு. எறங்க மாட்டேங்காரு!"

வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது பனையடியில் பத்துப் பேர் நின்றார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உச்சியில், மட்டைகளுக்கு நடுவே, பொன்னையன் குந்தியிருந்தான். ஒரு கையால் மட்டையைப் பிடித்திருந்தான். அந்தக் கை ஆடுவது கீழே இருந்தே தெரிந்தது. என் காலடியில் திளாப்பு கிடந்தது. கழற்றிக் கீழே எறிந்துவிட்டான். அது இல்லாமல் எந்தப் பனையேறியும் இறங்குவது இல்லை.

"நான் ஏறினா குதிப்பேங்கான்" என்றார் தவசி. அவர் முகம் வெளுத்திருந்தது.

"பொன்னையா!" என்று கூப்பிட்டேன்.

"போங்க அண்ணாச்சி. எல்லாம் முடிஞ்சு."

"உன் பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. வர்ற வழியில உன் வீட்டுக்குள்ள போய்ப் பார்த்துட்டுத்தான் வர்றேன். மணல்வாரி அம்மைதான். இந்தத் தெருவில இன்னும் மூணு பிள்ளைக்கு இருக்கு. அந்த மூணு அப்பனும் சத்தியம் பண்ணினானா?"

"அது அவுங்களுக்கு வந்த காய்ச்சல். இது எனக்கு வந்தது."

நியாயம் பேசினேன், அவன் காதில் ஏறவில்லை. அதட்டினேன். "பைத்தியக்காரா, பிள்ளைக்கு அப்பன் வேண்டாமா?" என்று கத்தினேன். அவன் கை மட்டையை விட்டு விலகியது. கூட்டம் ஐயோ என்றது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மறுபடி பிடித்துக்கொண்டான்.

நின்றுகொண்டு பேசாதே என்று சிஸ்டர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உச்சியில் இருப்பவனுக்கு நான் நின்றால் என்ன, இருந்தால் என்ன? ஆனாலும் உட்கார்ந்தேன். சுடுமணலில், பனையடியில்.

"சோறு தின்னியா பொன்னையா?"

 "நேத்து மத்தியானம் கஞ்சி" என்றான்.  "கை ஆடிச்சு அண்ணாச்சி. பாளையில அரிவாள் நிக்கல. ஒரு கலயத்துல பழசு கெடந்து. கை நிக்கட்டும்னு ரெண்டு மடக்கு குடிச்சேன். அவ்வளவுதான் குடிச்சேன். அதுக்குள்ள செல்லம்மை வந்து சொன்னா."

 இவன் கையை அந்தப் பிள்ளை தலையில் வைத்தவன் நான். வேண்டாம் என்றவனை வைக்கச் சொன்னவன் நான். அந்த நிமிஷத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கேளு பொன்னையா. எங்க மலேயாவில ஒரு வழக்கம் இருக்கு. பிள்ளை தலையில சத்தியம் வாங்கினவன் யாரோ, அது தப்பினா கேடு அவன் குடும்பத்துக்குத்தான் போகும். பண்ணினவனுக்கு வராது. வாங்கினது நான். உனக்கும் தங்கத்துக்கும் அதில ஒண்ணுமில்ல."

அப்படி ஒரு வழக்கம் மலேயாவிலும் இல்லை, உலகத்தில் எங்கும் இல்லை.

உச்சியில் இருந்து தலை எட்டிப் பார்த்தது. "உள்ளதா அண்ணாச்சி?"

"உள்ளது."

"உங்களுக்குப் பிள்ளை உண்டுமா?"

"ஒரு மக."

"அப்ப, அது மேல ஆணையிட்டுச் சொல்லுங்க."

சொல்லிவிட வேண்டியதுதானே? ஆணை, சத்தியம், செய்வினை எல்லாவற்றையும் பார்த்துச் சிரிக்கிறவன் நான். காய்ச்சல் எதனால் வரும் என்று படித்தவன்.  என் மகளுக்குப் பதிமூன்று வயது. நான் கப்பலேறிய அன்று, அழுதால் நான் போகமாட்டேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றவள். பொய்யாக அவள் மேல் ஆணையிடுவதா? கடலுக்கு அந்தப் பக்கம் எமர்ஜென்சியும் முள்வேலியுமாகக் கிடக்கிற இடத்தில் விட்டுவிட்டு வந்த பிள்ளையின் மேலா? பத்துப் பேரும் என்னையே பார்த்தார்கள். மேலே அந்தக் கை ஆடிக்கொண்டே இருந்தது.

மூன்று நாளுக்கு முன் இதே ஊரில் நான் ஒருவனை அதட்டினேன். அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"என் மக மேல ஆணை" என்றேன்.

பொன்னையன் குனிந்து கூட்டத்தைப் பார்த்தான். பிறகு, "தவசியண்ணே, திளாப்பைக் கொண்டு வாங்க" என்றான்.

தவசி ஏறினார். அவன் காலில் அவரே மாட்டினார். ஒருவருக்குக் கீழ் ஒருவராக இறங்கினார்கள். தரையில் கால் பட்டதும் பொன்னையன் அப்படியே சரிந்தான். செல்லம்மை அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டு அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். நான் கொஞ்சம் தள்ளிப்போய் வாந்தியெடுத்தேன்.

சிஸ்டர் வண்டியோடு வந்து அவனை ஏற்றிப் போனார். ஐந்து நாள் அவன் பட்ட பாட்டை எழுத மாட்டேன். கட்டிலோடு துணியால் கட்டிவைக்க வேண்டியிருந்தது என்று மட்டும் சொல்கிறேன். அவனுடைய நாற்பது பனையையும் தவசியும் இன்னும் மூன்று பேரும் பங்கிட்டுச் சீவினார்கள். கேட்டு ஏற்பாடு செய்தவர் சிஸ்டர். முதல் நாளே இதைக் கேட்டிருக்கலாமே, எனக்கு ஏன் தோன்றவில்லை? தங்கத்துக்கு மணல்வாரி இறங்கி, தோல் உரிந்து, எழுந்து விளையாட ஆரம்பித்தாள்.

எனக்குத்தான் சரியாகவில்லை. வாரம் தவறாமல் வரும் மகளின் கடிதம் அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கருங்கல் தபாலாபீசுக்கு நடையாய் நடந்தேன். தபால்காரர் என்னைத் தூரத்தில் கண்டதுமே கையை விரிப்பார். புட்டும் பயறும் தட்டிலேயே ஆறின.

"சாருக்குப் பேடியா?" என்று கேட்டார் சிஸ்டர். பயமா என்று அர்த்தம்.

"பயமா? எனக்கா? நான் படிச்சவன்!" என்று சீறினேன். அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பயந்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொய் வழக்கத்தையும் சேர்த்துத்தான். அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. "பொன்னையன்கிட்ட சொல்லுவியளா?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னால் அவன் மறுபடி பனையேறி உட்கார்ந்துகொண்டால்? மறுபடி குடித்தால்? இரண்டு நாள் தவித்தேன். மூன்றாம் நாள் பலாமரத்தடியில் இருந்த அவனிடம் போய் நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய் பொன்னையா. அப்படி ஒரு வழக்கம் எங்க ஊரில இல்ல. உன்னை எறக்கணும்னு சொன்னேன்."

 "பிள்ளை மேல ஆணையிட்டியளே?"

"இட்டேன்."

"பொய்யாட்டா?"

"பொய்யாத்தான்."

எழுந்தான். வாசலைத் தாண்டிப் போய்விட்டான். நான் பின்னாலேயே ஓடினேன். சந்தை நாள். மீன்கூடைக்கும் வாழைக்குலைக்கும் நடுவே அவனைத் தவறவிட்டேன். நான் நேரே போன இடம், திருட்டுச் சாராயம் விற்கிற முந்திரித் தோப்பு. குடியை நிறுத்தப் படிக்க வந்தவன் அங்கே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். "வாருங்க அண்ணாச்சி, ஒண்ணு ஊத்தட்டா?" என்கிறான் ஒருவன். பொன்னையன் அங்கே இல்லை. பனங்காட்டுக்கு ஓடினேன். ஒவ்வொரு உச்சியாக அண்ணாந்து பார்த்தேன். அங்கேயும் இல்லை. கடைசியில்தான் வீட்டுக்குப் போனேன்.

பட்டப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொன்னையனும் செல்லம்மையும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தங்கம். என்னைக் கண்டதும் செல்லம்மை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி" என்றான் பொன்னையன். "உங்க பிள்ளைக்குப் பேரென்ன? பேரு தெரியாம என்னன்னு சொல்லிக் கும்பிட?"

"கமலா" என்றேன்.  தங்கம் கையைக் கூப்பிக்கொண்டு, பல்லில்லாத வாயால் அந்தப் பெயரைச் சொன்னாள். நான் வாசலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

நான்கு நாள் கழித்துக் கடிதம் வந்தது. பரீட்சையாம், அதனால் எழுத நேரமில்லையாம், வரும்போது சிவப்புச் செருப்பு வாங்கி வர வேண்டுமாம். பாவி மகள்! தபாலாபீஸ் வாசலிலேயே மூன்று முறை படித்தேன். கூட வந்திருந்த பொன்னையன் நான்காவது முறையும் படிக்கச் சொன்னான்.

இரண்டு மாதம் முடிந்தது. சிஸ்டர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் பழகிவிட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. அவர் அப்படி நினைத்தாரா என்று தெரியாது. கருங்கல்லில் பஸ் ஏறினேன். பெட்டி மேலே ஏறியாயிற்று. ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கத் தொடங்கியிருந்தார்.

பொன்னையன் சந்தைக்குள் இருந்து ஓடி வந்தான். வழியனுப்ப வருகிறான் என்று கையை ஆட்டினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தான். வாடை அடித்தது.

"நேத்து சாயங்காலம் குடிச்சிட்டேன் அண்ணாச்சி" என்றான். "செல்லம்மைக்குத் தெரியாது. சிஸ்டருக்கும் தெரியாது. நீங்க போறதுக்கு மும்ப சொல்லணும்னு வந்தேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை மண்டை தைத்திருப்பேன்! குடிக்கவேயில்லை என்று என் மூஞ்சிக்கு நேரே சொன்னவர்கள்தான் எல்லோரும். தானாக வந்து சொன்ன ஒருவனை நான் பார்த்ததில்லை.

"பெட்டியை எறக்குங்க" என்றேன் கண்டக்டரிடம்.

அவர் மலையாளத்தில் என் வம்சத்தையே திட்டினார். அதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை, தேவையும் இருக்கவில்லை. பெட்டி தொப்பென்று கீழே விழுந்தது. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

"கப்பல் போயிருமே அண்ணாச்சி" என்றான் பொன்னையன் கலங்கிப்போய்.

"போகட்டும். காலையில என்ன தின்னே?"

"ஒண்ணும் தின்னல."

"வா" என்றேன். பெட்டியின் ஒரு பக்கத்துக் காதை அவன் பிடித்தான், மறுபக்கத்தை நான் பிடித்தேன். முதலில் டீக்கடைக்குப் போனோம். பிறகு ஆஸ்பத்திரிக்கு நடந்தோம்.